டிஷ்ஷை நிறுத்திவிட்டு அன்ரனாவும் நெற்றும் போதுமா? வன்னியில் மாறியவர்கள் சொல்லுங்கள்

முத்தையன்கட்டான்

வணக்கம். டிஷ் காசு கட்டிக் கட்டிக் களைத்துப்போய்த்தான் இந்தக் கேள்வி. ஒவ்வொரு மாதமும் ரீலோட் போட வேண்டும், போட்ட காசுக்கு வரும் சனல்களில் முக்கால்வாசியை எங்கள் வீட்டில் ஒருவரும் திரும்பியும் பார்ப்பதில்லை, போதாக்குறைக்கு வானம் இருண்டாலே படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். விலையும் இரண்டு தடவை கூட்டியாச்சு.

வீட்டில் ஆள் கணக்கு இதுதான். அம்மா பின்னேரம் இரண்டு நாடகமும் இரவுச் செய்தியும் பார்ப்பார், அதை யாரும் கை வைக்க முடியாது. மனைவி எதைப் பார்த்தாலும் போனில் யூரியூப்தான். மூத்தவன் கிரிக்கெட் நடந்தால் மட்டும் ரீவிக்கு முன்னால் வருவான். நான் செய்தியோடு சரி. இதற்கு இத்தனை சனல் எதற்கு?

இடம் முத்தையன்கட்டுப் பக்கம், வீட்டுத்திட்டத்து வீடு, சுற்றிவரத் தென்னையும் இரண்டு பெரிய பாலையும். அன்ரனா போட்டால் பிடிக்குமா? நெற்றில் பார்ப்பதென்றால் மாதம் எவ்வளவு டேட்டா போகும்? கூரையில் இருக்கும் டிஷ்ஷை வேறு எதற்காவது பாவிக்கலாமா, இல்லை கோழிக்குத் தண்ணி வைக்கத்தான் கொடுக்க வேண்டுமா?


பழைய_சோல்டர்

புதுக்குடியிருப்பில் ரீவி, றேடியோ திருத்துகிற ஆள் நான், கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கோ தம்பி.

முத்தையன்கட்டில் அன்ரனா வேலை செய்யும். கொக்காவில் ஒளிபரப்புக் கோபுரம் உங்களுக்கு நேர்கோட்டில் 20, 25 கிலோமீற்றருக்குள்தான் வரும். கோபுரத்தின் உயரம் 170 மீற்றருக்கு மேல். பூமியின் வளைவை மட்டும் கணக்கில் எடுத்தால் அந்த உயரத்திலிருந்து கிளம்பும் அலை தரையோடு 50 கிலோமீற்றரைத் தாண்டிப் போகும், நீங்கள் கம்பத்தை உயர்த்த உயர்த்த அது இன்னும் கூடும். எங்கள் பக்கம் மலை என்று ஒன்றும் இல்லை, அது பெரிய உதவி. தடுக்கிறது காடும் தோப்பும்தான். யூஎச்எப் என்கிற குட்டை அலைக்கு ஈர இலை என்றால் ஆகவே ஆகாது, வெயில் நாளில் தெளிவாக இருக்கும் படம் மழை விட்ட கையோடு புள்ளி அடிப்பது அதனால்தான். ஆகவே அன்ரனா மரத்தலைக்கு மேலே போக வேண்டும், அல்லது கோபுரம் இருக்கும் திசையில் மரம் இல்லாத ஒரு இடைவெளியாவது பார்த்து நிறுத்த வேண்டும். உங்களுக்கு மேற்குப் பக்கம், கொஞ்சம் வடக்கே சாய்த்து.

அடுத்தது கடையில் நடக்கும் கூத்து. "அன்ரனா ஒன்று தாங்கோ" என்றால் சாண் நீளக் கம்பிகளை வரிசையாகக் கோர்த்த ஒன்றை எடுத்துத் தருவார்கள். அது யூஎச்எப் சனலுக்கு மட்டும். வீஎச்எப் என்கிற நீள அலையில் வரும் சனலைப் பிடிக்கக் கம்பி முக்கால் மீற்றர் அளவில் இருக்க வேண்டும். இரண்டு அளவுக் கம்பியும் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கோ. வாங்க முதல் உங்கள் ஊரில் ஏற்கெனவே அன்ரனா போட்ட ஒரு வீட்டுக்குப் போய் எந்தச் சனல் எந்த இலக்கத்தில் வருகிறது என்று பாருங்கோ, 12க்குக் கீழே என்றால் வீஎச்எப், 21க்கு மேலே என்றால் யூஎச்எப். இது செலவில்லாத சோதனை.

சிக்னலைப் பெருக்கும் பூஸ்டரைப் பற்றி ஒரு சொல். ரீவிக்குப் பின்னால் பூஸ்டரை வைத்துவிட்டுப் படம் தெளியவில்லை என்று என்னிடம் கொண்டுவருபவர்கள் பலர். முப்பது அடி வயரில் இறங்கி வரும்போதே நல்ல சிக்னலில் ஒரு பகுதி போய்விடும், மிச்சத்தோடு சேர்த்து இரைச்சலையும் பூஸ்டர் பெருக்கிக் கொடுக்கும். அது கம்பத்தின் உச்சியில், அன்ரனாவோடு ஒட்டி இருக்க வேண்டும். கரண்ட் அதே வயரில் ஏறும், அதற்கு வீட்டுக்குள் ஒரு சின்னப் பெட்டி வரும். முதலில் பூஸ்டர் இல்லாமல் பாருங்கோ, உங்கள் தூரத்துக்குத் தேவைப்படாமலும் போகலாம். கோபுரத்துக்குக் கிட்ட இருப்பவர்கள் பூஸ்டர் போட்டால் சிக்னல் அளவுக்கு மிஞ்சி ஒரு சனலுக்குள் இன்னொரு சனல் நிழலாக ஓடும், முறிகண்டிப் பக்கம் அப்படி ஒரு வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வந்தேன்.


வட்டுவாகலான்

நாங்கள் கடற்கரை. கொக்காவிலில் இருந்து 40 கிலோமீற்றர் வரும், ஆனாலும் ரூபவாஹினி, வசந்தம், சக்தி பிடிக்கிறது. பைப் உயரம், அவ்வளவுதான் ரகசியம். சில நாளில், அதுவும் காற்றே இல்லாத வெக்கை நாளில், தமிழ்நாட்டு எப்எம் எல்லாம் காரில் தெளிவாகக் கேட்கும். அடுத்த நாள் காணாது.


பழைய_சோல்டர்

அது கடலுக்கு மேலே சூடான காற்றுப் படை அமர்ந்து அலையைக் கீழே வளைத்துக் கொண்டுவருவது. அதை நம்பி அன்ரனா வாங்க வேண்டாம்.


விசுவமடு_அக்கா

ஆண்கள் எல்லாம் கம்பம், வயர் என்று எழுதுகிறீர்கள். எங்கள் வீட்டில் பிரச்சினை கம்பத்தில் வரவில்லை, மாமியிடம் வந்தது.

நாங்கள் டிஷ்ஷை நிறுத்தி ஒரு அன்ட்ரொயிட் பெட்டி வாங்கிப் பழைய ரீவியில் பூட்டினோம். நான் நினைத்தேன் எல்லாமே யூரியூப்பில் இருக்கும் என்று. செய்தி இருக்கிறது, அதில் குறையே இல்லை, புதிய தலைமுறை, தந்தி, பொலிமர், சன் நியூஸ் எல்லாம் நாள் முழுக்க நேரலையில் ஓடுகின்றன, எங்கள் நாட்டுச் சனல்களும் செய்தியைப் போடுகின்றன. ஆனால் நாடகம் அப்படி இல்லை. பெரிய சனல்களின் நாடகத்தில் ஐந்து நிமிடத் துண்டுதான் யூரியூப்பில் கிடைக்கும், முழுப் பகுதி அவர்களுடைய கட்டணச் செயலியில். சிலது இந்த நாட்டில் திறக்காது என்று ஒரு அறிவிப்பு வரும். மாமிக்கு அதை எப்படி விளங்கப்படுத்துவது? "நேற்று அந்தப் பிள்ளையை வீட்டை விட்டுத் துரத்தினவங்கள், இண்டைக்கு என்ன நடந்தது?" என்று ஒரு கிழமை என்னையே கேட்டார். நான் போனில் கதைச்சுருக்கம் வாசித்துச் சொன்னேன்.

பிறகு என்ன செய்தோம் என்றால், றிமோட்டில் மைக் போட்ட பொத்தான் ஒன்று இருக்கிறது, அதன் மேல் மகளின் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு வைத்தோம். மாமி அதை அமத்திப் பிடித்துக்கொண்டு ரீவிக்குக் கட்டளை போடுவார். முதலில் யாரோ தூரத்தில் நிற்பவரைக் கூப்பிடுவது போலக் கத்தினார், மெல்லக் கதைத்தாலும் கேட்கும் என்று இப்போது பழகிவிட்டார். "நல்லூர் திருவிழா" என்பார், வரும். "பழைய படம்" என்பார், வரிசையாக வரும். கோயில் திருவிழாக்கள் நேரலையில் போகிறதே, அதில் மாமிக்கு நாடகமே பாதி மறந்துபோச்சு. பாதிதான்.

உங்கள் அம்மா எந்த நாடகம் பார்க்கிறார், அது எந்தச் சனல், அந்தச் சனல் அன்ரனாவில் வருகிறதா, இல்லையென்றால் எந்தச் செயலியில் இருக்கிறது, அதற்கு எவ்வளவு, இதை முதலில் பாருங்கள் தம்பி. டிஷ்ஷைக் கழற்றுவது அதற்குப் பிறகு.


ஏ9_மாஸ்ரர்

டேட்டா கணக்கு நான் சொல்கிறேன். யூரியூப்பை 480 தரத்தில் விட்டால் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய அரை ஜீபி, கொஞ்சம் கூடும். 720இல் ஒன்றைத் தாண்டும். 1080 என்றால் இரண்டு, மூன்று என்று போகும். நெற்பிளிக்ஸே தன்னுடைய பக்கத்தில் சாதாரணப் படத்துக்கு மணிக்கு 1 ஜீபி, எச்டீக்கு 3, 4கேக்கு 7 வரை என்று போட்டிருக்கிறது. ஒரு நாளைக்கு ரீவி நான்கு மணித்தியாலம் ஓடினால், 480இல் மாதம் 60 முதல் 80 ஜீபி. அதே நான்கு மணித்தியாலத்தை எச்டீயில் விட்டீர்கள் என்றால் 300 ஜீபியைத் தாண்டும், அப்போது டிஷ் காசு மலிவாகத் தெரியும்.

முக்கியமான விஷயம், பெட்டி தானாகவே மேலே ஏற்றிக்கொள்ளும். சிக்னல் நல்லாக இருந்தால் 1080க்குப் போய்விடும், நீங்கள் கவனிக்க மாட்டீர்கள், 32 அங்குல ரீவியில் ஏழு அடி தள்ளி இருந்து பார்ப்பவருக்கு வித்தியாசமும் பெரிதாகத் தெரியாது. ரீவியில் உள்ள யூரியூப் ஒவ்வொரு வீடியோவுக்கும் தரத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கும், அதனால் சில ரவுட்டர்களில் வேகத்தையே மட்டுப்படுத்தி வைக்கலாம். அந்தப் பெட்டிக்கு மட்டும் 2 எம்பீபீஎஸ் என்று கட்டிவிட்டால் அது 480க்கு மேலே ஏறாது. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்குப் பிடிக்காது.

இன்னொன்று, பின்னேரம் ஏழில் இருந்து பத்து வரை ஊர் முழுக்க ஒரே ரவரில் தொங்கும். பகலில் 20 காட்டும் ரவுட்டர் அந்த நேரத்தில் இரண்டு, மூன்றுக்கு வந்துவிடும். உங்கள் அம்மாவின் நாடக நேரமும் அதுதான். வாங்க முதல் ஏழரை மணிக்கு உங்கள் வீட்டு முற்றத்தில் நின்று அந்தக் கொம்பனியின் சிம் போட்ட போனில் வேகம் பாருங்கள். காலையில் பார்த்துவிட்டு வாங்காதீர்கள்.


கனகராயன்காரன்

மாஸ்ரர் சொன்னது உண்மை. எங்கள் ஊரில் ஃபைபர் எப்போது வரும் என்று கேட்டால் சிரிக்கிறார்கள். ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்தது, அதன் விலையைப் பார்த்துவிட்டு நானும் சிரித்தேன்.


வவுனியா_டிஷ்காரன்

டிஷ்ஷைக் கோழிக்குக் கொடுக்க வேண்டாம் அண்ணை. திருப்புங்கள்.

இங்கே கட்டண டிஷ் பல மேற்கே பார்த்து நிற்பதைக் கவனித்திருப்பீர்கள், அது 45 பாகைக் கிழக்கு நெடுங்கோட்டில் இருக்கும் செய்மதி, எங்களுக்கு ஏறக்குறைய 48 பாகை உயரத்தில். இந்திய அரசின் டிடி ஃப்ரீ டிஷ் 93.5 பாகையில், ஜிசாட்-15இல் இருக்கிறது. எங்களுக்கு அது தென்கிழக்கே, 70 பாகை உயரத்தில், கிட்டத்தட்டத் தலைக்கு மேலே. ஆகவே அந்தப் பக்கம் தென்னை நின்றாலும் பெரிதாக மறைக்காது. டிஷ்ஷும் அதன் முன்னால் நீட்டி நிற்கும் எல்என்பியும் பழையதே போதும், பெட்டி மட்டும் எம்பெக்-4 வாசிக்கும் பூட்டில்லாத ரிசீவர் வேண்டும். மாதக் கட்டணம் இல்லை.

ஆனால் ஆசை காட்டி ஏமாற்றக் கூடாது, அதில் தமிழ் குறைவு. டிடி தமிழ் வரும், பழைய பொதிகைதான், 2024 ஜனவரியில் பெயரை மாற்றினார்கள். மற்றதெல்லாம் பெரும்பாலும் இந்தி. தமிழ் வேண்டும் என்றால் ஆறடி, எட்டடி வலை டிஷ் போட்டு 83 பாகையில் ஜிசாட்-30ஐப் பிடிக்க வேண்டும், அது சீ-பாண்ட் என்கிற வேறு அலைவரிசை. அதில் தமிழ்நாட்டின் பூட்டாத சனல்கள் இருக்கின்றன, செய்தி, பக்தி, பாட்டு அந்த வகை. பெரிய பெயர்கள் எல்லாம் பூட்டியவை. சீ-பாண்டில் ஒரு நன்மை, எந்த மழைக்கும் அசையாது, உங்கள் சின்ன டிஷ் மழைக்குத் தாங்காத கேயூ-பாண்ட் அலைவரிசை என்பதால்தான் இருண்டவுடன் படுக்கிறது. 83 பாகை எங்களுக்குத் தலை உச்சி, அதனால் தகட்டு டிஷ் போட்டால் மழைத்தண்ணியும் சருகும் உள்ளே தேங்கும், வலை டிஷ்தான் சரி. எட்டடி டிஷ் வீட்டுக்கு முன்னால் நிற்பதை மனைவிமார் விரும்புவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.


முல்லைப்பொடியன்

இவ்வளவு கஷ்டம் எதற்கு? இந்தியக் கொம்பனியின் டிஷ் பெட்டி வாங்குங்கோ, அங்கே உள்ள ஆள் ரீசார்ஜ் போட்டுத் தருவார், எல்லா நாடகமும் வரும். இல்லாவிட்டால் கனடாவில் இருந்து மாமா அனுப்பியது மாதிரி நெற்றில் ஓடும் ஒரு ஐபி பெட்டி, ஆயிரக்கணக்கில் சனல், வருடத்துக்கு ஒருக்கால் காசு. நான் இரண்டு வருடமாகப் பார்க்கிறேன், ஒரு பிரச்சினையும் இல்லை.


ஏ9_மாஸ்ரர்

தம்பி, இந்தியக் கொம்பனிகளுக்கு இந்தியாவில் விற்கத்தான் அனுமதி. ரீசார்ஜ் போடும் ஆள் காணாமல் போனால், அல்லது பெட்டி பூட்டப்பட்டால், நீங்கள் யாரிடம் முறையிடுவீர்கள்? ஐபி பெட்டி இன்னும் மோசம். அது திருட்டுச் சனல், விற்கிறவர் வருடக் காசை முன்னாலேயே வாங்குகிறார், நடுவில் சேவர் போனால் ஆளும் போய்விடுவார். என் தங்கச்சி வீட்டில் அதுதான் நடந்தது, கிரிக்கெட் உலகக் கிண்ணம் நடந்துகொண்டிருந்த கிழமையில்.


முல்லைப்பொடியன்

மாஸ்ரர், ஊரில் பாதிக்கூரையில் இந்தியப் பெட்டிதான். அவர்கள் எல்லோரும் முட்டாளா?


ஏ9_மாஸ்ரர்

முட்டாள் என்று நான் சொல்லவில்லை. மாதக் காசைக் குறைக்கத்தான் இந்த இழை. ஒரு மாதக் காசை நிறுத்தி இன்னொரு மாதக் காசுக்குப் போவதில் என்ன இலாபம் என்று கேட்கிறேன்.


விசுவமடு_அக்கா

இரண்டு பேரும் சரி, இரண்டு பேரும் சத்தம் போடாதீர்கள். முல்லைப்பொடியன், அந்தப் பெட்டியில் பாஸ்வேர்ட், பாங்க் விபரம் ஒன்றும் போடாதேயும். மற்றது உம்முடைய விருப்பம்.


குளக்கட்டுப்_பெரியவர்

இளம் ஆட்களுக்கு ஒன்று தெரியாது போல இருக்கிறது, எழுதிவிடுகிறேன். வன்னியில் அன்ரனா என்றால் ஏன் புதுச் சாமான் மாதிரி எல்லோரும் கேட்கிறீர்கள் என்று யோசித்தீர்களா? கொழும்பிலும் கண்டியிலும் 1982இல் ரூபவாஹினி தொடங்கியதில் இருந்து கூரைக்குக் கூரை கம்பம். யாழ்ப்பாணத்தில் தமிழ்நாட்டின் கொடைக்கானல் ஒளிபரப்பைப் பிடிக்கப் பனை உயரத்துக்குப் பைப் ஏற்றினார்கள். இங்கே கொக்காவிலில் இருந்த கோபுரம் 1990 சண்டையோடு போனது, திரும்ப எழும்பியது 2011 ஜூனில். இடைப்பட்ட இருபது வருடம் கரண்டும் இல்லை, பிடிக்க அலையும் இல்லை. ஜெனரேற்றரும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஒரு இரவில் மூன்று படம் போட்டு, மண்ணெண்ணெய் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துப் பார்த்து ஓட்டினோம். பற்றரியே தடை செய்த சாமான். மீளக் குடியேறி வீடு கட்டி, கரண்ட் வந்து, ரீவி வாங்கினபோது டிஷ்காரர் மோட்டார்சைக்கிளில் வாசலுக்கு வந்து நின்றார். அன்ரனா என்ற படியில் எங்கள் சனம் கால் வைக்கவே இல்லை, நேரே டிஷ்ஷில் ஏறிவிட்டது. அதனால்தான் காசில்லாமலும் ரீவி பார்க்கலாம் என்று சொன்னால் இங்கே நம்ப மாட்டார்கள். என் மருமகன் இன்னும் நம்பவில்லை, அயல்வீட்டு வயரை நான் களவாக இழுத்திருக்கிறேன் என்று நினைக்கிறார்.


வட்டுவாகலான்

ஐயா 😂


முத்தையன்கட்டான்

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. பெரியவர் சொன்னது என் தலைக்குள்ளேயே நிற்கிறது, உண்மையாகவே எங்கள் ஒழுங்கையில் ஒரு அன்ரனா கூட இல்லை, சோல்டர் அண்ணை சொன்னபடி போய்ப் பார்க்க ஒரு வீட்டைத் தேடி ஒட்டுசுட்டான் வரை போக வேண்டி வந்தது.

இன்னொரு கேள்வி. ரீவியும் பழசு, புதிதாக ஒன்று எடுக்கும் எண்ணமும் இருக்கிறது. கடைக்காரர் "இதில டிஜிற்றல் ரியூனர் இருக்கு, நாளைக்கு டிஜிற்றல் வந்தாலும் பயமில்லை" என்கிறார். சரியா?


பழைய_சோல்டர்

எந்த டிஜிற்றல் என்று கேளுங்கோ. இலங்கை 2014இல் ஜப்பான் முறையைத் தெரிந்தெடுத்தது, ஐஎஸ்டீபி-ரி என்பார்கள். அதற்குப் பிறகு வேலை இழுபட்டு இழுபட்டு, கம்பத்தில் வருவது இன்னும் அனலாக்தான். கடையில் இருக்கும் ரீவிகளில் பெரும்பாலும் போட்டிருப்பது டீவீபி-ரி2, அது வேறு முறை, ஜப்பான் முறை அலையை அது வாசிக்காது. பெட்டியின் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டு வாசியுங்கோ. ஐஎஸ்டீபி-ரி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அதற்காக ரீவியை விட வேண்டாம், அந்த நாள் வந்தால் ஒரு சின்னப் பெட்டி பூட்டினால் சரி. அன்ரனாவும் வயரும் அதே. ஆனால் ரீவியில் அனலாக் ரியூனர் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கோ, சில புது மொனிற்றர் மாதிரி ரீவிகளில் ரியூனரே இல்லை.


மாங்குளம்_சந்தி

ஒருவரும் மயிலைப் பற்றி எழுதவில்லையே!

எங்கள் வளவில் அன்ரனா ஏற்றிய அடுத்த கிழமையே ஒரு ஆண் மயில் பின்னேரம் வந்து குந்தத் தொடங்கிவிட்டது. அது ஏறும்போது ஒரு அசைவு, இறங்கும்போது உதைப்பில் இன்னொரு அசைவு, அன்ரனா கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பித் திரும்பிக் கடைசியில் கொக்காவிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. முன்பக்கக் கம்பி இரண்டு வளைந்து போனது. விரட்டினால் அயல் கூரைக்குப் போய் அகவும், பத்து நிமிடத்தில் திரும்பி வரும். கடைசியில் அன்ரனாவுக்கு மேலே பைப்பை இரண்டடி நீட்டி, குறுக்கே ஒரு மூங்கில் துண்டைக் கட்டிவிட்டேன். உயரமான இடம் கிடைத்தால் அதற்குக் கீழே உள்ளதில் மயிலுக்கு விருப்பம் இல்லை. இப்போது அது மூங்கிலில் இருக்கிறது, நான் செய்தி பார்க்கிறேன்.

மற்றது இடி. ஐப்பசி, கார்த்திகையில் பின்னேர இடி எங்கள் பக்கம் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. சித்திரையிலும் வரும். வெளியில் 30 அடி இரும்புப் பைப் நிற்கிறது, அதில் இருந்து ஒரு வயர் நேரே ரீவிக்குள் போகிறது. மழைக்கு வானம் இருட்டினவுடன் வயரைக் கழற்றி, ரீவிக்குப் பக்கத்தில் தொங்கவிடாமல் யன்னலுக்கு வெளியே போட்டுவிட வேண்டும். பைப்பின் அடியில் தடித்த செப்புக்கம்பி கட்டி நிலத்தில் இறக்குவது தனி வேலை, அதையும் செய்யுங்கள், ஆனால் அதை நம்பி வயரைக் கழற்றாமல் விட வேண்டாம்.


கனகராயன்காரன்

மூங்கில் யோசனை அருமை. எங்களுக்குக் குரங்கு. குரங்குக்கு என்ன செய்வது?


மாங்குளம்_சந்தி

குரங்குக்கு ஒன்றும் செய்ய ஏலாது.


வட்டுவாகலான்

நெற்றை மட்டும் நம்ப வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் என்னிடம் இருக்கிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல். கரண்ட் போனது, பிறகு ரவரின் பற்றரியும் முடிந்தது, போனில் ஒரு கோடு கூட இல்லை. வெள்ளம் எதுவரை வந்திருக்கிறது, எந்தப் பாலம் உடைந்தது, ஒன்றும் தெரியாது. எங்கள் வீட்டில் 12 வோல்ற்றில் ஓடும் சின்ன ரீவி ஒன்று இருக்கிறது, லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் பற்றரியைக் கழற்றிவந்து அதில் பூட்டினோம். அன்ரனா சாய்ந்து கிடந்தது, கையால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு பார்த்தோம், படம் மணல் மாதிரி, குரல் மட்டும் தெளிவு. அயலில் உள்ளவர்கள் எல்லாம் எங்கள் விறாந்தையில். அனலாக்கில் இது ஒரு விஷயம், படம் கெட்டாலும் சத்தம் வரும். றேடியோ இருந்திருந்தால் அதுவும் போதும், ஆனால் இப்போது யார் வீட்டில் றேடியோ இருக்கிறது?


ஏ9_மாஸ்ரர்

அந்த நாட்களில் எங்கள் பக்கமும் அதே கதை. அதற்குப் பிறகுதான் என் வீட்டில் அன்ரனா ஏறியது, அதுவரை நானும் நெற் மட்டும் போதும் என்ற கட்சி. இப்போது இரவுச் செய்தி அன்ரனாவில், மற்றது நெற்றில். கிரிக்கெட் கொடுக்கிற நாளில் அன்ரனாவில்தான் பார்ப்பேன். நெற்றில் பந்து அரை நிமிடம், சில வேளை அதற்கும் மேலே பிந்தித்தான் வரும். பக்கத்து வீட்டில் "ஆ..." என்று கத்தும்போது எங்கள் ரீவியில் பந்துவீச்சாளர் இன்னும் ஓடத் தொடங்கியிருக்க மாட்டார்.


முத்தையன்கட்டான்

அன்ரனா ஏற்றியாச்சு, ஒட்டுசுட்டானில் பார்த்த வீட்டுக்காரரே வந்து உதவினார். இரண்டு அளவுக் கம்பியும் உள்ளது, பூஸ்டர் இல்லை. முதலில் முற்றத்தில் நிறுத்தினோம், பாலை மரம் நேரே மறைத்தது, ஒன்றும் சரியாக வரவில்லை. பிறகு கிணற்றடிப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினோம், அங்கே இருந்து மேற்கே வயல்வெளி. ஒருவர் கம்பத்தைத் திருப்ப, மூத்தவன் வாசலில் நின்று "இன்னும், இன்னும், போதும், ஐயோ தாண்டிட்டீங்கள்" என்று கத்த, உள்ளே இருந்து அம்மா "ஆள் முகம் தெரியுது" என்றார், அந்த இடத்தில் நட்டை இறுக்கினோம். இரண்டு சனல் கண்ணாடி மாதிரி, மூன்று பரவாயில்லை, இன்னும் இரண்டு புள்ளியோடு. தமிழ் செய்திக்குக் குறை இல்லை.

அம்மாவின் இரண்டு நாடகத்தில் ஒன்று அன்ரனாவில் வருகிறது, கொஞ்சம் பழைய பகுதியாக, அதாவது அவர் ஏற்கெனவே பார்த்தது. அதையும் இருந்து பார்க்கிறார். மற்றது இல்லை. அக்கா சொன்ன மாதிரி செயலிக்கு விலை பார்த்தேன், டிஷ் காசோடு ஒப்பிட்டால் குறைவு, ஏழரை மணிக்கு வேகம் பார்த்தேன், 480க்குத் தாங்கும். ஆகவே ரவுட்டருக்கு ஒரு சின்ன டேட்டாப் பொதி, அந்த ஒரு செயலி, அன்ரனா. டிஷ்ஷுக்கு இந்த மாதம் ரீலோட் போடவில்லை. டிஷ்ஷைத் தென்கிழக்கே திருப்புவதைப் பிறகு பார்ப்போம், அம்மாவுக்கு இந்தி வேண்டாமாம்.

சோல்டர் அண்ணை, கிணற்றடியில் இருந்து ரீவி வரை வயர் நீளம் கூடிப்போச்சு, அறுபது அடிக்கு மேலே. புள்ளி வரும் அந்த இரண்டு சனலுக்கும் இப்போது பூஸ்டர் போடலாமா?


பழைய_சோல்டர்

போடலாம், உச்சியில். ஆனால் அதற்கு முதல் வயரைப் பாருங்கோ. கடையில் மலிவாகக் கொடுக்கும் மெல்லிய வெள்ளை வயரா, ஆர்ஜி-6 என்று எழுதியதா? மெல்லியது என்றால் பூஸ்டர் காசை அதில் போட்டு வயரை மாற்றுங்கோ. அன்ரனாவில் வயர் பூட்டும் இடத்துக்கு ரப்பர் ரேப் சுற்றி, வயரைக் கீழே ஒரு வளையம் விட்டு ஏற்றுங்கோ, இல்லாவிட்டால் மாரிக்கு வயருக்குள்ளேயே தண்ணி இறங்கும்.


முத்தையன்கட்டான்

மெல்லிய வெள்ளைதான். நாளைக்குப் புதுக்குடியிருப்புக்கு வருகிறேன், கடையில் நிற்பீர்களா அண்ணை?


பழைய_சோல்டர்

பத்து மணிக்குப் பிறகு வாங்கோ. எழுபது அடி அளந்து வெட்டி வைக்கிறேன், இரண்டு பக்கத்துக் கொனெக்ரரும் பூட்டித் தரலாம்.